உப்பு காக்குமா வீட்டை? மரக்காணக் கரையும் கரையானின் வரலாறும்



மரக்காணத்து உப்பளக் கரையோரத்தில் வளர்ந்த எங்களுக்குச் சிறுவயதில் வீட்டுப் பெரியவர்கள் உறுதியாகச் சொல்லிவைத்த செய்தி ஒன்று உண்டு. உப்பு மண்ணில் கரையான் ஏறாது என்பதே அது. பாத்திகளில் வெயில் காய்ந்து உப்பு விளையும் நிலத்தில் அவ்வுயிர் எப்படி வாழும் என்று நாங்களும் நம்பியிருந்தோம்.

ஒரு மழைக்காலம் முடிந்தபின், மேற்குச் சுவரை ஒட்டி வைத்திருந்த மர அலமாரியைத் திறந்தபோது அந்த நம்பிக்கை உடைந்தது. வெளியே கதவு பளபளப்பாகவே இருந்தது. உள்ளே பின்பலகை மண்ணாகியிருந்தது. வீட்டுப் பத்திரம் பாதி தின்னப்பட்டிருந்தது. அதனுடன், எங்கள் பாட்டனார் அரபுத் தமிழில் தம் கையால் எழுதிவைத்த குறிப்பேடும் அழிந்துபோயிருந்தது. பத்திரத்திற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெற்றுக்கொண்டோம். குறிப்பேட்டுக்கு நகல் தர எந்த அலுவலகமும் இல்லை.

அன்று முதல் எங்களுக்குள் எழுந்த கேள்வியே இக்கட்டுரை. உப்பு ஏன் காக்கவில்லை? நமக்கு முன் இக்கரையில் வாழ்ந்தோர் எதைக்கொண்டு தம் வீடுகளைக் காத்தார்கள்?

கரையில் எஞ்சியவை

மரக்காணம் பழமையான ஊர். சங்க இலக்கியமாகிய சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். ஊரிலுள்ள பூமீசுவரர் கோயிலின் கற்சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. வடக்கே கடப்பாக்கத்திற்கு அருகில் கடலோரத்தில் ஆலம்பரைக் கோட்டை சிதைந்து நிற்கிறது. 1736ஆம் ஆண்டிற்கும் 1740ஆம் ஆண்டிற்கும் இடையே ஆற்காட்டு நவாபு தோஸ்த் அலீ கானின் காலத்தில் எழுந்த கோட்டை அது. 1750இல் முஸஃபர் ஜங் அதைப் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்கு வழங்கினார். 1760இல் ஆங்கிலப் படை அதைக் கைப்பற்றிச் சிதைத்தது.

இவ்விரண்டு இடங்களிலும் நாம் காண்பவை கல், செங்கல், சுண்ணாம்பு ஆகியவை மட்டுமே. அக்கட்டடங்களைச் சூழ வாழ்ந்த மக்களின் மரத்தூண்களும் பனங்கைகளும் ஓலைக் கூரைகளும் ஒன்றும் மிஞ்சவில்லை. போரும் தீயும் கடற்காற்றும் புயலும் அவற்றுள் பலவற்றைக் கொண்டுபோயிருக்கலாம். ஆயினும் தமிழக மண்ணில் கிடக்கும் மரத்தையும் ஓலையையும் ஓசையின்றி மண்ணாக்கும் உயிர் கரையான் என்பதில் ஐயமில்லை. நம் நாட்டு வரலாற்றில் எது எஞ்சவேண்டும், எது எஞ்சக்கூடாது என்பதில் கரையானுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது.

சுவடிகளின் கதையும் இதுவே. உ.வே. சாமிநாதையர் (1855–1942) ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தபோது செல்லரித்த சுவடிகளைக் கண்டு வருந்தியதைத் தம் எழுத்துகளில் பதிவுசெய்துள்ளார். உமறுப் புலவரின் சீறாப்புராணம் நம் கைக்கு வந்ததற்குக் காரணம், செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர் அதன் ஏடுகளைத் தேடித் தொகுத்து 1842இல் அச்சேற்றியதே ஆகும். அச்சேறாத அரபுத் தமிழ்ச் சுவடிகள் எத்தனை வீடுகளின் அலமாரிகளில் மண்ணாயினவோ, அல்லாஹ்வே அறிவான்.

வேதமும் வரலாறும் காட்டும் இரு நிகழ்வுகள்

முஸ்லிம்களாகிய நமக்குக் கரையான் புதிய செய்தியன்று. திருக்குர்ஆனின் ஸபஃ அத்தியாயத்தில் (34:14) ஸுலைமான் (அலை) அவர்களின் மரணம் கூறப்படுகிறது. அவர்கள் உயிர் நீத்தபின்பும் ஊன்றுகோலில் சாய்ந்தபடியே இருந்தார்கள். ஜின்கள் அவர்கள் உயிரோடிருப்பதாக எண்ணி உழைத்துக்கொண்டிருந்தன. மண்ணின் சிற்றுயிர் ஒன்று அக்கோலை அரித்து, அவர்கள் சாய்ந்து விழுந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அச்சிற்றுயிர் கரையானே என்று விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளார்கள். மறைவானவற்றை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே என்பது அவ்வசனம் தரும் பாடம்.

இரண்டாவது நிகழ்வு மக்காவில் நடந்தது. குறைஷியர் பனூ ஹாஷிம், பனூ முத்தலிப் ஆகிய குடும்பங்களோடு திருமண உறவும் கொடுக்கல் வாங்கலும் கூடாதென்று ஓர் ஒப்பந்தம் எழுதிக் கஅபாவினுள் தொங்கவிட்டனர். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அபூதாலிபின் பள்ளத்தாக்கில் நம் நபி (ஸல்) அவர்களும் அவர்களைச் சார்ந்தோரும் பசியால் வாடினர். முடிவில், அந்த ஒப்பந்தத்தைக் கரையான் தின்றுவிட்டதாக நபி (ஸல்) அவர்கள் அபூதாலிபிடம் தெரிவித்தார்கள். முத்இம் இப்னு அதீ அதைக் கிழிக்க எழுந்து சென்றபோது, அல்லாஹ்வின் பெயர் இருந்த பகுதி நீங்கலாக ஏனையவை அரிக்கப்பட்டிருக்கக் கண்டார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

இவ்விரு நிகழ்வுகளும் கரையானின் இயல்பு ஒன்றையும் நமக்குக் காட்டுகின்றன. அது வெளித்தோற்றத்தைக் கலைப்பதில்லை. கோல் கோலாகவே நின்றது, ஒப்பந்தமும் சுவரில் தொங்கியபடியே இருந்தது. திறந்து பார்த்தபோதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்பது தெரிந்தது. எங்கள் அலமாரியும் அவ்வாறே நின்றது.

தரங்கம்பாடி மருத்துவர் கண்டது

இவ்வுயிரின் வாழ்வை அறிவியல் முறையில் முதன்முதலில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் நம் சோழமண்டலக் கரையிலேயே வாழ்ந்தவர். யோகான் கெர்ஹார்ட் கோனிக் என்னும் அம்மருத்துவர் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயசின் மாணவர். 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். பின்னர் ஆற்காட்டு நவாபிடம் இயற்கையியலாளராகவும், அதன்பின் கிழக்கிந்தியக் கம்பெனியிலும் பணிபுரிந்து 1785இல் இறந்தார். கரையானைக் குறித்து அவர் எழுதிய கட்டுரை 1779இல் பெர்லினில் வெளிவந்தது. ஆப்பிரிக்கக் கரையான்களைப் பற்றி ஹென்றி ஸ்மீத்மேன் இலண்டனில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்கு அது இரண்டு ஆண்டுகள் முந்தியது.

புற்றின் உள்ளே கடற்பஞ்சு போன்ற கூடுகளும் அவற்றின்மேல் பூஞ்சையும் இருப்பதைக் கோனிக் எழுதிவைத்தார். அதன் பொருள் பிற்காலத்தில்தான் முழுமையாக விளங்கியது. நம் ஊர்ப் புற்றுக் கரையான்கள் மரத்தை மென்று கொண்டுவந்து, அந்தக் கூட்டின்மீது பூஞ்சையை வளர்த்து, அப்பூஞ்சையின் துணையோடுதான் மரச்சத்தைச் செரிக்கின்றன. ஒருவகையில் அவை உழவர்கள். மழைக்குப்பின் புற்றில் முளைக்கும் காளானை நம் வீடுகளில் சமைத்து உண்பார்களே, அது அவ்வேளாண்மையின் விளைச்சலே.

வீட்டைக் காக்க விரும்புவோர் இதில் கவனிக்கவேண்டிய சொல் ஈரம். பூஞ்சை வளர ஈரம் வேண்டும். கரையானின் மெல்லிய உடலும் வெயிலிலும் காற்றிலும் விரைவில் உலர்ந்துவிடும். ஆகவேதான் அது சுவரில் ஏறும்போது மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் குழாய்போல் பாதை கட்டி அதனுள் மறைந்து செல்கிறது. புற்றிலிருந்து மரத்திற்கு மண்ணும் ஈரமும் இடையறாமல் தொடர்ந்தால் அது வாழும், அத்தொடர்பு அறுந்தால் அங்கே அழியும். உலகில் ஏறத்தாழ 3,000 வகைக் கரையான்கள் உண்டு. அவற்றுள் வீடுகளுக்குத் தீங்கு செய்பவை சிலவே. ஏனையவை காய்ந்த இலையையும் கட்டையையும் மண்ணோடு சேர்த்து நிலத்தை வளமாக்குகின்றன. அல்லாஹ்வின் படைப்பில் அதற்கும் ஒரு வேலை உண்டு. அதன் வேலையிடத்தையும் நம் வீட்டையும் பிரித்துவைப்பதே நமது பொறுப்பு.

உப்பு ஏன் காக்கவில்லை?

இப்போது எங்கள் பெரியவர்களின் சொல்லுக்குத் திரும்புவோம். அச்சொல்லில் பாதி உண்மை உண்டு. உப்புநீர் தேங்கும் பாத்திகளின் நடுவே புற்று எழுவதில்லை. ஆனால் நாம் பாத்தியின் நடுவே வீடு கட்டுவதில்லை. வெள்ளத்திற்கு அஞ்சி மேட்டில் கட்டுகிறோம், அல்லது உள்நாட்டிலிருந்து வண்டி வண்டியாக மண்ணைக் கொண்டுவந்து மனையை உயர்த்துகிறோம். அம்மண்ணில் வேரும் கட்டையும் கலந்திருக்கும். ஆண்டுதோறும் பெய்யும் மழை மேட்டு நிலத்தின் உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடுகிறது. ஆகவே வீட்டின் அடியில் இருப்பது உப்பள மண் அன்று, கரையானுக்கு ஏற்ற சாதாரண மண்ணே.

மறுபாதியில் உப்பு நமக்கு எதிராகவே வேலை செய்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடற்காற்றாலும் உவர்நீராலும் சுவரில் ஏறிய உப்பு, ஈரமாவதும் உலர்வதுமாக மாறி மாறிப் பூச்சைப் பொரியவைத்து உதிர்க்கிறது. அவ்விடங்களில் வெடிப்பும் ஈரமும் சேர்ந்து கரையானுக்கு வழி திறந்துவிடுகின்றன. இதை அறியாமல் சிலர் கரையான் கண்ட இடத்தில் உப்பைக் கரைத்து ஊற்றுகிறார்கள். அவ்வுப்பு புற்றைச் சென்றடைவதில்லை. காங்கிரீட்டினுள் இருக்கும் கம்பியை அடைந்து துருப்பிடிக்கச் செய்து கட்டடத்தையே பலவீனமாக்குகிறது. வீட்டைக் காப்பதற்காக உப்பூற்றுபவர் வீட்டின் எலும்பை அரிக்கிறார்.

முன்னோர் கட்டிய முறை

பழைய வீடுகளைக் கூர்ந்து பார்த்தால், மரத்தை மண்ணிலிருந்து பிரிப்பதே அவர்களின் முதல் விதியாக இருந்தது புலப்படும். மரத்தூணை நேராக மண்ணில் நடாமல் கல்லின்மேல் நிறுத்தினார்கள். திண்ணையையும் தளத்தையும் தரைமட்டத்திற்கு மேல் உயர்த்தினார்கள். சுண்ணாம்புச் சாந்தால் இடைவெளியை அடைத்தார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் பழைய பள்ளிவாசல்களில் தூண்களையே கல்லால் அமைத்தார்கள். அத்தூண்கள் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன.

இரண்டாவது, மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தேக்கின் நடுக்கட்டையில் இயற்கையாகவே கரையானுக்கு ஒவ்வாத பொருள்கள் உண்டு. முற்றிய பனையின் வயிரம் பாய்ந்த வெளிப்பகுதியையே கூரைக்குக் கைமரமாக்கினார்கள். பர்மாவோடு வணிகம் செழித்த காலத்தில் அங்கிருந்து வந்த தேக்கு தமிழக வீடுகளின் கதவாகவும் தூணாகவும் ஆயிற்று. அவ்வீடுகளின் நிலைகள் இன்றும் உறுதியாக இருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். இன்று நாம் வாங்கும் தேக்குக் கதவிலும் வெளிப்புற வெள்ளைக்கட்டை கலந்திருந்தால் கரையான் அதைத் தின்னும். தேக்கு என்ற பெயர் மட்டும் காவலாகாது.

மூன்றாவது, வீட்டை அன்றாடம் பார்த்தார்கள். அடுப்புப் புகை கூரை ஓலையைப் பூச்சியிலிருந்து காத்தது. ஓலையை ஆண்டுகள் சில கழிந்ததும் மாற்றினார்கள், சுவருக்கு வெள்ளையடித்தார்கள், பெட்டிகளை வெயிலில் வைத்து எடுத்தார்கள். முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயை மரத்திற்குப் பூசும் வழக்கமும் உண்டு. அது கையைப் புண்ணாக்கும் கடும் எண்ணெய், ஆனால் பூச்சியைத் தடுக்கும். ஏடுகளுக்கு இடையே வசம்பும் வேப்பிலையும் வைத்தார்கள். இவற்றுள் எதுவும் தனித்துக் காத்ததன்று. அப்பொருள்களை வைப்பதற்காக ஆண்டுதோறும் பெட்டி திறக்கப்பட்டதே பெரிய காவல். திறக்கப்படும் பெட்டியில் கரையான் நெடுநாள் ஒளிந்திருக்க முடியாது.

மருந்தின் நூற்றாண்டு

இருபதாம் நூற்றாண்டு வேறொரு வழியைத் திறந்தது. 1933இல் தேராதூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோந்தி காமேசன் என்னும் இந்திய அறிவியலாளர் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் கலவையால் மரத்தைப் பதப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தார். உலகெங்கும் தந்திக் கம்பங்களும் தண்டவாளக் கட்டைகளும் அம்முறையால் நீண்டகாலம் நின்றன. பிற்காலத்தில் ஆர்சனிக்கின் நஞ்சு கருதிப் பல நாடுகள் வீடுகளில் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தின.

மண்ணில் ஊற்றும் மருந்துகளின் கதையும் அத்தகையதே. ஆல்டிரின், குளோர்டேன், ஹெப்டகுளோர் ஆகியவை பல ஆண்டுகள் மண்ணில் அழியாமல் இருக்கும் என்பதாலேயே கரையான் மருந்தாகப் புகழ்பெற்றன. அழியாமையே பின்னர் குற்றமாயிற்று. அவை நீரிலும் மீனிலும் தாய்ப்பாலிலும் சேர்வது கண்டறியப்பட்டது. 2001இல் கையொப்பமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இம்மூன்றையும் ஒழிக்கவேண்டிய நஞ்சுகளின் முதற்பட்டியலில் சேர்த்தது. இந்தியா 2006இல் அவ்வுடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்தது.

இன்று இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் பயன்படுகின்றன. ஐஎஸ் 6313 என்னும் இந்தியத் தரநிலை கரையான் தடுப்பை மூன்று பகுதிகளாகக் கூறுகிறது. கட்டட அமைப்பால் தடுத்தல் முதற்பகுதி. கட்டும்போதே மண்ணுக்கு மருந்திடல் இரண்டாம் பகுதி. கட்டி முடிந்த வீட்டில், சுவரும் தரையும் சேருமிடத்தில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டருக்கு ஒரு துளையிட்டு மருந்து செலுத்தல் மூன்றாம் பகுதி. முன்னோர் முதலில் வைத்ததையே இத்தரநிலையும் முதலில் வைத்திருப்பதை நோக்குக. நாமோ பெரும்பாலும் முதற்பகுதியை விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் தேடுகிறோம்.

நம் கரையோரத்தில் இதில் மேலும் ஒரு பொறுப்பு உண்டு. இங்கே நல்லநீர் மணலில் ஆழமின்றித் தங்கியிருக்கிறது, அதன்கீழ் உவர்நீர். நம் சுவரடியில் ஊற்றும் மருந்து நம் கிணற்றுக்கும் அண்டை வீட்டார் கிணற்றுக்கும் இறங்கக்கூடும். தீங்கிழைப்பதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. மருந்திடுவதாயின் 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி உரிமம் பெற்றவரை அழையுங்கள். கிணறும் ஆழ்துளையும் எங்கே உள்ளன என்பதை அவருக்கு முதலிலேயே காட்டுங்கள். குழந்தைகளையும் கருவுற்றவர்களையும் அந்நாட்களில் வேறிடத்தில் தங்கவையுங்கள். மருந்திட்டபின் குழாய் பதிக்கத் தரையைத் தோண்டினால் அவ்விடத்தில் காவல் அறுந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நாம் செய்யவேண்டியவை

மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் வீட்டைச் சுற்றிவாருங்கள். வெளிச்சுவரின் அடியில் மண்குழாய் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கதவு நிலைகளை விரல்முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளலான ஒலி வந்தால் உள்ளே வெறுமை உண்டு. முதல் மழைக்குப்பின் ஈசல் வீட்டினுள்ளிருந்தே புறப்பட்டால் புற்று அருகில் இருக்கிறது என்று கொள்ளலாம். சுவரை ஒட்டி விறகும் பழைய பலகையும் அட்டைப்பெட்டியும் குவிக்காதீர்கள். கசியும் குழாயை உடனே சரிசெய்யுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளி, கல் அல்லது உலோகக் கால்களின்மேல் வையுங்கள். மண்குழாய் ஏதுமின்றி மரத்திலிருந்து மணல்போன்ற சிறு உருண்டைகள் உதிர்ந்தால் அது மண் தேவையில்லாத உலர்மரக் கரையான். அதற்குச் சுவரடியில் மருந்திட்டுப் பயனில்லை. அந்த மரத்துக்கே மருந்திட வேண்டும், அல்லது அதை அகற்ற வேண்டும்.

ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவேடுகள், வக்ஃப் பத்திரங்கள், மதரஸாவின் பழைய கிதாபுகள் ஆகியவை பெரும்பாலும் யாரும் திறவாத மர அலமாரியில்தான் இருக்கின்றன. ஒரு வக்ஃப் நிலத்தின் பத்திரம் மண்ணானால், நாளை வழக்கு எழும்போது அந்நிலத்திற்காகப் பேச சான்று இராது. அவற்றை ஒருமுறை படமெடுத்து இரண்டு இடங்களில் சேமித்து, மூலத்தை இரும்புப் பெட்டியில் வைப்பது ஓரிரு நாள் வேலை. வீட்டிலுள்ள முதியோரின் கையெழுத்துகளையும் அவ்வாறே செய்யுங்கள். எங்கள் பாட்டனாரின் குறிப்பேட்டை நாங்கள் இருபது ஆண்டுகள் பத்திரமாக வைத்திருப்பதாக எண்ணியிருந்தோம். அவ்விருபது ஆண்டுகளில் ஒருமுறையேனும் அதைத் திறந்து படித்திருந்தால், அது இன்று எங்களிடம் இருந்திருக்கும்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களையும், அவற்றில் நம் முன்னோர் விட்டுச்சென்ற அமானிதங்களையும் காத்தருள்வானாக. ஆமீன்.